கிடங்குகள் எரிகின்றன, கணக்குகள் மூடிக் கிடக்கின்றன

புதுதில்லி:

2016-ஆம் ஆண்டு மே 30 நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில், மகாராஷ்டிர மாநிலம் வார்தா மாவட்டத்திலுள்ள புல்காவ் மத்திய வெடிமருந்துக் கிடங்கில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. இந்திய ராணுவத்தின் மிகப்பெரிய வெடிமருந்துக் கிடங்கு அது. சுமார் ஏழாயிரம் ஏக்கர் பரப்புடையது. படைக்கலத் தொழிற்சாலைகளிலிருந்து வரும் பீரங்கிக் குண்டுகளும் கண்ணிவெடிகளும் முதலில் இங்கு வந்து சேர்ந்து, பிறகுதான் மற்றக் கிடங்குகளுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. தீயை அணைக்க ஓடியவர்கள் நெருங்கிய நேரத்தில் கொட்டகை வெடித்துச் சிதறியது. சுற்றுக் கிராமத்து மக்கள் இருட்டில் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினர். இரு அதிகாரிகள் உட்பட 19 பேர் மாண்டனர். அதிகாரிகளில் ஒருவர் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த மேஜர். இறந்தவர்களில் பெரும்பாலோர் கிடங்கின் தீயணைப்பு ஊழியர்கள்.

அன்றைய பாதுகாப்புத் துறை அமைச்சர் மனோகர் பரிக்கர் அன்றே புல்காவ் வந்தார். விசாரணைக்கு உத்தரவிடப்பட்டது. ஐந்து நாள் கழித்து, ஜூன் 5 அன்று, இலங்கையில் கொழும்புக்குக் கிழக்கே கொஸ்கமவை அடுத்த சாலாவ ராணுவ முகாமின் ஆயுதக் கிடங்கு வெடித்தது. ஒரு ராணுவ வீரர் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. போர் முடிந்து ஏழாண்டு ஆகியும், குண்டுகள் மக்கள் நெருங்கி வாழும் ஊருக்கு நடுவில்தான் இருந்தன. ஒரே வாரத்தில் இரண்டு நாடுகளில் இரண்டு வெடிப்புகள். இரண்டிலும் முதல் நாள் எழுந்த கேள்வி ஒன்றே: எதிரியின் சதியா? அந்தக் கேள்வி எழுந்த வேகத்தில், குண்டுகளை அங்கே யார் வைத்தார்கள், எத்தனை நாளாக வைத்திருந்தார்கள் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது.

புல்காவில் சதி இல்லை. ராணுவ விசாரணை குறித்து பின்னர் வெளிவந்த செய்திகள், டாங்கி எதிர்ப்புக் கண்ணிவெடிகளையே காரணமாகக் காட்டின. கண்ணிவெடிக்குள் நிரப்பப்படும் டி.என்.டி. என்னும் வெடிபொருள் முழுத் தூய்மையுடன் இருந்தால் சுமார் 80 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் உருகும். கலப்பு மிகுந்திருந்தால், அதைவிடக் குறைந்த வெப்பத்திலேயே எண்ணெய் போன்ற திரவம் கசிந்து, மூட்டுகளின் வழியே வெளியே வந்துவிடும். கசிந்தது வெளியே படிந்த கண்ணிவெடியை நகர்த்துவதே ஆபத்து. விதர்பாவின் மே மாத வெயில் 45 டிகிரியைத் தாண்டக் கூடியது என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் கசிவு ராணுவத்துக்குத் திடீரென்று தெரிய வந்ததல்ல. பல ஆண்டுகளுக்கு முன்பே குறைபாடு கண்டறியப்பட்டு, அந்தக் கண்ணிவெடிகள் தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கடிதங்கள் போய்க்கொண்டிருந்தன. தயாரிப்பில் கோளாறு என்றது ராணுவம். சேமிப்பில் கோளாறு என்றது படைக்கலத் தொழிற்சாலை வாரியம். யார் பொறுப்பு என்பது தீராத வரையில், அழிக்க வேண்டிய பொருள் அதே கொட்டகையில் அடுக்கிய நிலையில் இருந்தது. கோப்பு நகரவில்லை, கசிவு மட்டும் நகர்ந்தது.

இந்த வழக்கு இன்னும் பெரிது. தரம் குறைந்த வெடிமருந்தால் 2014 முதல் 2020 வரை ஏறத்தாழ 960 கோடி ரூபாய் வீணானதாகவும், அந்தப் பணத்தில் நூறு நடுத்தர பீரங்கிகளை வாங்கியிருக்கலாம் என்றும் ராணுவத்தின் உள் மதிப்பீடு ஒன்று கூறியதாக 2020 செப்டம்பரில் செய்தி வந்தது. அதில் சுமார் 303 கோடி ரூபாய், புல்காவ் விபத்துக்குப் பிறகு அழிக்கப்பட்ட கண்ணிவெடிகளின் மதிப்பு. இதே காலத்தில் நிகழ்ந்த விபத்துகளில் 27 பேர் இறந்ததாகவும் அந்த மதிப்பீடு குறிப்பிட்டது. வாரியம் இதை மறுத்தது. விபத்துகளில் ஒரு சிறு பங்குக்கு மட்டுமே தாங்கள் பொறுப்பு என்றும், ஆயுதத்தைக் கையாண்ட விதம், பராமரிப்பு ஆகியவையும் காரணங்கள் என்றும் விளக்கியது. இரு தரப்பும் மத்திய அரசின் ஒரே அமைச்சகத்தைச் சேர்ந்தவை. வாங்குபவரும் விற்பவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருக்கும் வியாபாரத்தில் சரக்கைத் திருப்பி அனுப்புவது எளிதல்ல.

புல் வெட்டக் காசில்லை

இதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்னால், 2000 ஏப்ரல் 28 அன்று, ராஜஸ்தானின் பரத்பூர் கிடங்கு எரிந்தது. சுமார் 390 கோடி ரூபாய் மதிப்புள்ள வெடிமருந்து போனது. தீ பரவியது காய்ந்த புல்லில். சிக்கன நடவடிக்கையாகப் புல் வெட்டும் பணி நிறுத்தப்பட்டிருந்தது. சில லட்சம் ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் சில நூறு கோடி போயிற்று. கார்கில் போர் முடிந்து ஓராண்டு கூட ஆகவில்லை என்பதை நினைவில் கொள்க. அடுத்த ஆண்டு ஏப்ரலில் பதான்கோட்டை அடுத்த மாமூன், மே மாதம் ராஜஸ்தானின் பிர்த்வால் என்று கிடங்குகள் வரிசையாக எரிந்தன. 2007 ஆகஸ்ட் 11 அன்று காஷ்மீரின் அனந்தநாக் மாவட்டம் குந்த்ருவில் கிடங்கு வெடித்தபோது, ராணுவத்தினரும் தீயணைப்பு வீரர்களும் உள்ளூர் மக்களும் பலியாயினர். சிதறி விழுந்து வெடிக்காமல் கிடந்த குண்டுகள், அதன் பிறகும் அங்குள்ள வயல்களில் மனிதர்களைக் காயப்படுத்தின.

இவை எதிலும், தணிக்கை அறிக்கைகள் இல்லாமல் இல்லை. மத்தியத் தணிக்கைத் துறைத் தலைவர் 2015-இல் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கை, 2013 மார்ச் நிலவரப்படி ஆய்வு செய்த 170 வகை வெடிமருந்துகளில் பாதி, கடும் போருக்குப் பத்து நாளைக்குக் கூடப் போதாது என்றது. 2017-இல் வந்த அடுத்த அறிக்கை, 2016 செப்டம்பர் நிலவரப்படி 152 வகைகளில் 61 வகைகள் அதே நிலையில் இருப்பதாகக் கூறியது. கிடங்குகளில் தீயணைப்பு ஊழியர் பற்றாக்குறை இருப்பதையும் அந்த அறிக்கை சுட்டிக்காட்டியது. ஒருபுறம் போருக்குக் குண்டு இல்லை. மறுபுறம் உதவாத குண்டு கிடங்கை அடைத்துக் கிடக்கிறது. இவ்விரண்டும் முரணாகத் தோன்றலாம். ஒரே நோயின் இரண்டு அறிகுறிகள் இவை.

சோவியத் சொத்து

அந்த நோயை முற்றிய நிலையில் பார்க்க விரும்பினால், சோவியத் யூனியன் உடைந்து உருவான நாடுகளுக்குப் போக வேண்டும். ஜெனீவாவில் இயங்கும் சிறு ஆயுத ஆய்வு நிறுவனம், 1979 முதல் உலகில் அறுநூறுக்கும் மேற்பட்ட கிடங்கு வெடிப்புகளைப் பட்டியலிட்டுள்ளது. அந்தப் பட்டியலில் முன்னாள் சோவியத் முகாமின் ஊர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

1991-க்குப் பிறகு ஜெர்மனியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் திரும்பிய படைகளின் குண்டுகள் உக்ரைனிலும் ரஷியாவிலும் மலைபோல் குவிந்தன. யாரும் முழுதாக எண்ணவில்லை. எண்ணப்படாத சரக்கு விற்பதற்கு எளிது. 1992-க்கும் 1998-க்கும் இடையே 3,200 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதங்கள் திருடப்பட்டு விற்கப்பட்டதாக உக்ரைன் நாடாளுமன்ற விசாரணைக் குழு ஒன்று மதிப்பிட்டதாகப் பரவலாகச் சொல்லப்படுகிறது. அணுகுண்டு சுமக்கக் கூடிய குரூஸ் ஏவுகணைகளே ஈரானுக்கும் சீனாவுக்கும் கடத்தப்பட்டதை அந்நாட்டின் அரசுத் தலைமை வழக்கறிஞர் 2005-இல் ஒப்புக்கொண்டார். ஒரு கிடங்கு எரியும்போது, அதிலிருந்து முன்பே போனவையும் சேர்ந்தே எரிந்ததாகக் கணக்கு முடிக்கலாம் என்ற சந்தேகம் அங்கே ஒவ்வொரு தீயோடும் எழுந்தது. நோவோபோக்தானிவ்கா கிடங்கு 2004 மே மாதம் வெடித்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே இடத்தில் மறுபடியும் வெடிப்புகள் நிகழ்ந்தன. 2017-இல் பலக்லியா, கலினிவ்கா, 2018-இல் இச்னியா. இவற்றில் ரஷியாவின் நாசவேலையைக் காரணமாகக் கூறியது உக்ரைன் அரசு. போர்க்காலத்தில் அதற்கு வாய்ப்பு உண்டுதான். ஆனால், 2004-இல் போர் எதுவும் இல்லை.

மற்ற நாடுகள் இன்னும் எளிய வழிகளைக் கண்டுபிடித்தன. துர்க்மேனிஸ்தானில் 2011 ஜூலை 7 அன்று அபடான் நகரின் கிடங்கு வெடித்தபோது, வாணவேடிக்கைப் பொருட்கள் எரிந்ததாக அரசு முதலில் அறிவித்தது. பிறகு பதினைந்து பேர் இறந்ததாக ஒப்புக்கொண்டது. நாடு கடந்து வாழும் மனித உரிமையாளர்கள் சொன்ன எண்ணிக்கை ஆயிரத்தைத் தாண்டியது. கஜகஸ்தானில் 2019 ஜூன் 24 அன்று அரிஸ் நகரத்துக் கிடங்கு வெடித்து, நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். அங்கு மிஞ்சிய வெடிபொருட்களில் ஒரு பகுதி தராஸ் அருகே கொண்டுபோய் வைக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 26 அன்று அந்தக் கிடங்கும் வெடித்தது. பதினைந்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலோர் தீயணைக்கச் சென்ற வீரர்களும் ஊழியர்களும். பாதுகாப்பு அமைச்சர் பதவி விலகினார்.

சோவியத் யூனியனில் சேராத, ஆனால் அதே காலத்தின் கம்யூனிஸ்ட் நாடான அல்பேனியாவின் கதைதான் இவற்றில் முழுதாக வெளியே வந்தது. தலைநகர் திரானாவுக்கு அருகே கெர்தெட்ஸ் கிராமத்தில், பழைய குண்டுகளைப் பிரித்தெடுக்கும் வேலை தனியாருக்குத் தரப்பட்டிருந்தது. அங்கு வேலை செய்தவர்களில் பெண்களும் சிறுவர்களும் இருந்தனர். 2008 மார்ச் 15 அன்று வெடித்ததில் 26 பேர் இறந்தனர். அதே நாட்களில், ஆப்கானிஸ்தான் ராணுவத்துக்கு அனுப்புவதற்காக அமெரிக்க அரசிடம் ஏறத்தாழ 30 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றிருந்த ஒரு நிறுவனம், அல்பேனியக் கிடங்குகளில் கிடந்த பழைய சீனத் தோட்டாக்களை, சீனத் தயாரிப்பு என்பது தெரியாதபடி வேறு பெட்டிகளில் அடைத்து அனுப்பியதும் அம்பலமாயிற்று. பாதுகாப்பு அமைச்சர் ஃபாத்மிர் மெதியு பதவி விலகினார். அவர் மீது வழக்கும் வந்தது. 2009 தேர்தலில் மறுபடி நாடாளுமன்ற உறுப்பினரானார்; வழக்கு கைவிடப்பட்டது; சுற்றுச்சூழல் அமைச்சராகவும் ஆனார். தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நாளந்தாவின் இருபது ஆண்டுகள்

இந்தியக் கிடங்குகளில் கணக்கை மறைக்கத் தீ வைத்தார்கள் என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. அந்த ஒப்பீட்டை அப்படியே இங்கு பொருத்துவது நியாயமும் ஆகாது. இங்கே லஞ்சம் நுழைந்த வாசல் வேறு. அது கிடங்கின் பின்வாசல் அல்ல, கொள்முதலின் முன்வாசல்.

பீகாரின் நாளந்தா மாவட்டம் ராஜ்கீரில், போஃபர்ஸ் போன்ற கனரக பீரங்கிகளின் குண்டுகளை உந்தித் தள்ளும் மருந்துப் பொதிகளைத் தயாரிக்க ஒரு படைக்கலத் தொழிற்சாலைக்கு 1999-இல் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸ் அடிக்கல் நாட்டினார். தொழில்நுட்பம் தென்னாப்பிரிக்காவின் டெனெல் நிறுவனத்திடமிருந்து வர வேண்டும். 2005-இல் லஞ்சப் புகாரில் டெனெல் விலக்கப்பட்டது. அடுத்து இஸ்ரேல் ராணுவத் தொழில் நிறுவனம் வந்தது. 2009 மே மாதம் படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தின் முன்னாள் தலைவரையே லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. அந்த வழக்கின் தொடர்ச்சியாக, 2012 மார்ச்சில் இஸ்ரேல், சிங்கப்பூர், சுவிட்சர்லாந்து, ரஷியா ஆகிய நாடுகளின் நிறுவனங்களும் இரு இந்திய நிறுவனங்களும் சேர்ந்து ஆறு நிறுவனங்கள் பத்தாண்டுகளுக்குத் தடை செய்யப்பட்டன.

தடை செய்ததில் தவறில்லை. செய்யாமல் விட்டிருந்தால்தான் தவறு. ஆனால் ஒவ்வொரு லஞ்சமும் ஒரு தொழிற்சாலையை ஐந்தாண்டு, பத்தாண்டு பின்னுக்குத் தள்ளுகிறது. புதியது வராதபோது பழையதைக் கழிக்க மனம் வருவதில்லை. கசிந்தாலும், கெட்டாலும், எண்ணிக்கைக்காவது இருக்கட்டும் என்று அடுக்கி வைக்கப்படுகிறது. கமிஷன் வாங்கியவர் தில்லியில். அதன் விளைவைத் தண்ணீர்க் குழாயுடன் சந்திப்பவர் வார்தாவில்.

2021 அக்டோபர் 1 முதல் வாரியம் கலைக்கப்பட்டு ஏழு அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. நீலகிரியின் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை உள்ளிட்ட வெடிமருந்து ஆலைகள் மியூனிஷன்ஸ் இந்தியா என்ற நிறுவனத்தின் கீழ் வந்தன. தொழிற்சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. பெயர்ப்பலகை மாறிய பின்னும், 2025 ஜனவரி 24 அன்று மகாராஷ்டிரத்தின் பண்டாரா ஆலையில் நிகழ்ந்த வெடிப்பில் எட்டுத் தொழிலாளர்கள் இறந்தனர்.

ஆயிரம் கெஜம்

கிடங்கின் வேலிக்கு வெளியேயும் அரசியல் இருக்கிறது. 1903-ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டப்படி, வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி அறிவிக்கப்பட்ட தொலைவுக்குள் கட்டடம் எழுப்பக் கூடாது. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான்; ஆனால் குண்டு வெடித்தால் சிதறும் தூரம் சுதந்திரத்துக்குப் பிறகு குறைந்துவிடவில்லை.

ஜம்முவை அடுத்த நக்ரோட்டாவில், பான் கிராமத்தில் ராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்கு உள்ளது. அதைச் சுற்றி ஆயிரம் கெஜத்துக்குள் கட்டடம் கூடாது என்பது அறிவிப்பு. அந்த எல்லைக்குள் வீடு கட்டத் தொடங்கியவர், அன்றைய ஜம்மு-காஷ்மீர் துணை முதலமைச்சரான பாரதிய ஜனதா கட்சியின் நிர்மல் சிங். கிடங்குக்கும் அருகில் வசிப்பவர்களுக்கும் ஆபத்து என்று 2018 மார்ச்சில் ராணுவத்தின் படைத்தலைவர் அவருக்கே கடிதம் எழுதினார். பலனில்லாமல் போகவே ராணுவம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்ற உத்தரவுக்குப் பின்னும் கட்டடம் எழுந்தது, குடியேற்றமும் நடந்தது. 2021 நவம்பரில், முறையான அனுமதியின்றிக் கட்டப்பட்டது என்று கூறி, ஐந்து நாளில் இடிக்குமாறு ஜம்மு வளர்ச்சி ஆணையம் உத்தரவிட்டது. தம் மீதான புகார்கள் அரசியல் உள்நோக்கம் கொண்டவை என்றும், கட்டுவதற்குச் சட்டத் தடை ஏதுமில்லை என்றும் வாதிட்ட அவர் தீர்ப்பாயத்தை அணுகினார். ராணுவத்தின் பெயரால் வாக்குக் கேட்பது ஒன்று. ராணுவம் வேலியிலிருந்து தள்ளி நிற்கச் சொன்னால் கேட்பது வேறொன்று.

தில்லிவாசிகள் இதற்காக ஜம்மு வரை போக வேண்டியதில்லை. குருகிராமில் விமானப் படையின் வெடிமருந்துக் கிடங்கைச் சுற்றி 900 மீட்டருக்குள் கட்டடம் கூடாது என்ற தடை உண்டு. அதற்குள் ஆயிரக்கணக்கான வீடுகளும் கடைகளும் எழுந்துள்ளன. நிலத்தைத் துண்டு போட்டு விற்றவர்கள் போய்விட்டார்கள்; வாங்கிய எளிய மக்கள் மாட்டிக்கொண்டார்கள். இடிப்பு உத்தரவு நீதிமன்றத்திலிருந்து வருகிறது. தூரத்தைக் குறைப்போம் என்ற வாக்குறுதி தேர்தல் மேடையிலிருந்து வருகிறது.

சென்னையும் விலக்கல்ல. 2015-இல் சுங்கத் துறை கைப்பற்றிய சுமார் 740 டன் அம்மோனியம் நைட்ரேட், மணலியில் ஐந்தாண்டு கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே இனத்துச் சரக்கு வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகே, அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது.

இவற்றையெல்லாம் கேள்வி கேட்க மக்களிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் இருந்த ஒரே கருவி தணிக்கை அறிக்கை. ராணுவ விசாரணை அறிக்கைகள் வெளிவருவதில்லை. 2017 அறிக்கை நாடு முழுவதும் விவாதிக்கப்பட்டதற்குக் காரணம், அதை எவரும் தணிக்கைத் துறையின் இணையதளத்திலேயே படிக்க முடிந்ததுதான். அதற்குப் பின் சில ஆண்டுகளுக்குள், பாதுகாப்புத் துறை தொடர்பான அறிக்கைகளை இணையத்தில் வெளியிடுவது நிறுத்தப்பட்டது. நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகின்றன, ஆனால் அயல்நாட்டவர் எளிதில் படிக்கக் கூடாது என்பது அன்றைய தணிக்கைத் தலைவர் சொன்ன காரணம். பரத்பூரில் புல் வெட்டவில்லை என்பதைத் தெரிந்துகொண்டு எந்த எதிரி என்ன செய்திருப்பான் என்பது விளங்கவில்லை. அது தெரிந்திருக்க வேண்டியவர்கள், வெட்டக் காசு ஒதுக்காதவர்களின் மேலதிகாரிகள்.

புல்காவுக்கே திரும்புவோம். 2018 நவம்பர் 20 காலை, கிடங்கை ஒட்டிய சோனேகாவ் ஆபாஜி கிராமத்துக்கு அருகில், காலாவதியான குண்டுகளை அழிக்கும் திடலில் பெட்டிகளை வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தனர். ஜபல்பூரை அடுத்த கமாரியா படைக்கலத் தொழிற்சாலையிலிருந்து வந்த சரக்கு அது. ஒரு பெட்டி வெடித்தது. ஆறு பேர் இறந்தனர். அவர்களில் ஒருவர் தொழிற்சாலை ஊழியர். மற்றவர்கள் ஒப்பந்தக்காரர் அன்றாடக் கூலிக்கு அழைத்து வந்திருந்த சுற்றுக் கிராமத்துக்காரர்கள். இரண்டரை ஆண்டுக்கு முன் அந்த நள்ளிரவில் வீடுகளை விட்டு ஓடிய அதே வட்டாரத்து மக்கள்.